பேகன் சந்தையில் சவர்க்காரம் விற்பது எப்படி

இங்கிலாந்தில் வீட்டில் சவர்க்காரமோ குளியல் உப்போ செய்து விற்க நினைக்கிற எங்கள் ஆட்கள் பெரும்பாலும் முதலில் பள்ளிக்கூட நத்தார் சந்தையில்தான் ஒரு மேசை எடுப்பார்கள். அதை விட்டுவிட்டு ஒருமுறை பேகன் சந்தைக்கோ ஹோலிஸ்டிக் சந்தைக்கோ போய்ப் பாருங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. அங்கே வருகிற சனம் சவர்க்காரத்தை எடுத்து மணந்துவிட்டுச் சும்மா வைத்துவிட்டுப் போகாது. இது என்ன இலை, எங்கே வளர்ந்தது, யார் செய்தது, எந்த நாளில் செய்தது என்று நின்று கேட்கும். அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வைத்திருப்பவருக்கு அங்கே வியாபாரம் நடக்கும். செய்முறை, லேபிள், விலை, மேசை அடுக்கு எல்லாவற்றையும் அந்தப் பதிலை மனதில் வைத்தே நான் தீர்மானிக்கிறேன்.

பேகன் என்றதும் சூனியம் என்று பயப்படுகிற சொந்தக்காரர் எங்கள் வீட்டிலும் உண்டு. இவர்கள் இயற்கையையும் ஐரோப்பாவின் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிறவர்கள். 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 74,000 பேர் தங்கள் சமயம் பேகன் என்று எழுதினார்கள். இன்னும் 13,000 பேர் பேகன் வழிகளில் ஒன்றான விக்கா என்று எழுதினார்கள். அந்த விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். இளவயதில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மனிதர் அவர். 1951இல் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்ட பிறகுதான் அவரால் வெளிப்படையாக எழுத முடிந்தது. மரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிட்ட ஊரில் இருந்து வந்த எனக்கு இவர்களை விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை.

ஹோலிஸ்டிக் சந்தை கொஞ்சம் வேறு. ரெய்கி (கைவைத்துச் செய்யும் சிகிச்சை), டேரட் (சீட்டு வைத்துக் குறி பார்ப்பது), கிறிஸ்டல், யோகா, ஒலிக்கிண்ணம் என்று உடல்நலமும் மனநிம்மதியும் தேடி வருகிறவர்கள் அங்கே அதிகம். பேகன் சந்தையில் பண்டிகைக்கும் பூஜைக்கும் பொருள் தேடுவார்கள். ஹோலிஸ்டிக் சந்தையில் நித்திரை வரவேண்டும், களைப்புப் போகவேண்டும், தோல் எரியக்கூடாது என்று கேட்டு வருவார்கள். இரண்டுக்கும் ஒரே பொருளைக் கொண்டுபோகலாம். மேசையில் எதை முன்னுக்கு வைப்பது என்பதுதான் மாறும்.

மேசை எடுக்க முன்

முதலில் வாங்குபவராகப் போங்கள். நுழைவுக் கட்டணம் கொடுத்து உள்ளே போய், மத்தியானம் 2 மணிக்கு சனம் எப்படி இருக்கிறது, எத்தனை பேர் கையில் பை இருக்கிறது என்று பாருங்கள். சவர்க்காரக் கடை ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்றும் பாருங்கள். மண்டபத்தில் முப்பது மேசை இருந்து அதில் நாலு சவர்க்காரம் என்றால் அந்தச் சந்தையை விட்டுவிடுங்கள். நல்ல ஒழுங்கமைப்பாளர் ஒரே வகைக் கடைகளை ஒன்றிரண்டோடு நிறுத்திவிடுவார். விண்ணப்பிக்கும்போது அதை நேராகவே கேளுங்கள், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். கூடவே மேசையின் நீளம், கதிரை தருவார்களா, மின்சாரம் உண்டா, கார் எவ்வளவு கிட்ட வரலாம், சாம்பிராணி கொளுத்த அனுமதி உண்டா என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஆறடி மேசைதான் கிடைக்கும்.

லண்டனில் 1977இல் தொடங்கிய மைண்ட் பாடி ஸ்பிரிட் போன்ற பெரிய விழாக்களில் தொடக்கத்திலேயே இடம் எடுக்க வேண்டாம். சிறிய நகர மண்டபத்தில் நடக்கிற ஒருநாள் சந்தையில் தொடங்குங்கள். கட்டணத்தைப் போல ஐந்து மடங்கு விற்பனை வர வாய்ப்பு இருக்கிறதா என்பது என் கணக்கு. 40 பவுண் மேசைக்கு 200 பவுண். அது நடக்காது என்று தோன்றினால் நான் போவதில்லை. பெட்ரோல், சாப்பாடு, பொருளின் அடக்கவிலை எல்லாம் போக மிஞ்சுவது அந்த அளவில்தான் கையில் நிற்கும்.

சட்டம் முதலில், மணம் பிறகு

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். உடம்பில் படுகிற எந்தப் பொருளும், சவர்க்காரம், குளியல் உப்பு, பாத் பாம் (குளிக்கும் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் உருண்டை), உதட்டு பாம் என எல்லாமே பிரித்தானியச் சட்டத்தில் அழகுசாதனப் பொருள்தான். சின்ன அளவில் வீட்டில் செய்வதற்கு விலக்கு இல்லை. விற்க முன் ஒவ்வொரு செய்முறைக்கும் தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் பாதுகாப்பு அறிக்கை வேண்டும். அப்புறம் அரசின் ஒன்லைன் தளத்தில் பொருளைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுக்குக் காசு இல்லை, மதிப்பீட்டாளருக்குத்தான் காசு. செய்முறை, வாங்கிய மூலப்பொருளின் விபரம், ஒவ்வொரு முறை செய்ததற்கும் இடும் தொகுதி எண்கள், அறிக்கை எல்லாம் சேர்ந்த கோப்பை, கடைசித் தொகுதியை விற்ற பிறகும் 10 வருடம் வைத்திருக்க வேண்டும். வீட்டு மேசையில் ஒரு தடித்த ஃபைல், அவ்வளவுதான். பயப்பட ஒன்றும் இல்லை.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரே அடிப்படைச் செய்முறையை வைத்துக்கொண்டு மணத்தையும் நிறத்தையும் மட்டும் மாற்றுங்கள். பல மதிப்பீட்டாளர்கள் ஒரு அடிப்படைக்குள் பல மணங்களை ஒரே அறிக்கையில் சேர்த்துத் தருவார்கள். எட்டு வித அடிப்படை வைத்துக்கொண்டு தொடங்கினால் கடை போட முன்னமே காசு முடிந்துவிடும்.

லேபிளில் உங்கள் பெயரும் இங்குள்ள முகவரியும், நிறை, தொகுதி எண், காலாவதி விபரம், எச்சரிக்கை, கூடவே சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். பட்டியலில் சர்வதேச அழகுசாதனப் பெயர்களைத்தான் எழுத வேண்டும், அதிகமாக இருப்பது முதலில் வரவேண்டும். வாசனைத் தைலங்களில் இயற்கையாகவே இருக்கிற லினலூல், லிமோனீன், சிட்ரல், யூஜினோல் போன்ற ஒவ்வாமைப் பொருட்களையும் எழுத வேண்டும். கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேல், தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயர் வரவேண்டும். ‘இயற்கைத் தைலம்தானே’ என்று விட முடியாது. லாவெண்டர் தைலத்திலேயே லினலூல் நிறைய இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கிற சாம்பிள் துண்டுக்கும் இதே விதிதான்.

ஹோலிஸ்டிக் சந்தையில் நாக்கைக் கட்டிப் பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. எக்ஸிமாவுக்கு நல்லது, மூட்டுவலியைக் குணப்படுத்தும், மன அழுத்தம் தீரும் என்று எழுதினாலோ சொன்னாலோ உங்கள் சவர்க்காரம் மருந்து ஆகிவிடும். மருந்துக்குரிய அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. ‘தோலை மென்மையாக வைக்கும்’, ‘இரவில் இதமாகக் குளிக்க’ என்று எழுதுவதோடு நின்றுவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அங்கே வருகிறவர்களில் பலர் நோயோடும் துக்கத்தோடும் வருகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை வைத்துக் காசு பார்க்கக்கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். கப்கேக், பழம், இனிப்பு மாதிரி உருவத்தில் சவர்க்காரம் செய்யாதீர்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும் என்பதற்காக 1989இலேயே உணவைப் போலத் தோற்றமளிக்கும் பொருட்களுக்கு எதிராக இங்கே விதி வந்துவிட்டது. மெழுகுதிரியும் மெழுகுத் துண்டும் விற்பதாக இருந்தால் அவற்றுக்கு வேறு லேபிள் விதி, இரசாயன அபாயக் குறிகளோடு. அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த ஒழுங்கமைப்பாளரும் மேசை தர மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருளால் வரும் பாதிப்பையும் அந்தக் காப்புறுதி ஏற்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

என் அடிப்படைச் சவர்க்காரம்

ஒலிவ் எண்ணெய் 700 கிராம், தேங்காயெண்ணெய் 300 கிராம். எண்ணெயைச் சவர்க்காரமாக்குவது கோஸ்டிக் சோடா என்கிற காரம். ஒலிவுக்கு கிராமுக்கு ஏறக்குறைய 0.134 கிராம் சோடா, தேங்காய்க்கு 0.183 என்று கணக்குப் போட்டால் 148.7 கிராம் வரும். அதில் 5 சதவீதம் குறைத்தால் 141 கிராம். அந்தக் குறைவால் கொஞ்ச எண்ணெய் சவர்க்காரத்திலேயே மிஞ்சும், தோல் வறளாது. தண்ணீர் 300 கிராம் வரை. நீங்கள் வாங்கும் எண்ணெய்க்கு இந்த எண் சிறிது வேறுபடலாம், ஆகவே ஒன்லைன் சவர்க்காரக் கணிப்பானில் போட்டுச் சரிபார்த்த பிறகே நிறுங்கள். இது பாமாயில் இல்லாத, மிருகக் கொழுப்பு இல்லாத செய்முறை. இந்தச் சந்தைகளில் வீகன் மக்கள், அதாவது மிருகங்களிடமிருந்து வரும் எதையும் பயன்படுத்தாதவர்கள், நிறைய. ‘பாமாயில் உண்டா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் கோஸ்டிக் சோடா டப்பாவைத் திறக்க வேண்டாம். எப்போதும் தண்ணீருக்குள் சோடாவைப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். யன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளும் பூனையும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

சோடாத் தண்ணீரை எண்ணெயோடு கலந்து அச்சில் ஊற்றி, அடுத்த நாள் வெட்டி, காற்றோட்டமான இடத்தில் நாலிலிருந்து ஆறு கிழமை காய விடுங்கள். நிறையும் அப்போதுதான் குறைந்து நிலைக்கும். காய்ந்த பிறகு நிறுத்த நிறையைத்தான் லேபிளில் எழுத வேண்டும். சவர்க்காரத்துக்குள் லாவெண்டர் பூவைப் போடாதீர்கள், மண்ணிறமாகி அசிங்கமாகிவிடும். ரோஜா இதழும் அப்படித்தான். நிறம் மாறாமல் நிற்பது காலெண்டுலாப் பூவின் இதழ். எங்கள் மஞ்சள் முதலில் வடிவான நிறம் தரும், வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். அதனால் மஞ்சள் சவர்க்காரத்தை வெயில்படும் மேசையில் வைப்பதில்லை.

குளியல் உப்புக்கு எப்சம் உப்பு. சரே மாவட்டத்தில் எப்சம் என்கிற ஊரின் ஊற்றுநீரில் இருந்து பெயர் பெற்றது. அதில் தைலத்தை நேராகச் சொட்டினால் அது நீரில் கரையாது, மேலே மிதந்து தோலில் அப்படியே ஒட்டும். கறுவா, கிராம்புத் தைலம் என்றால் எரியும். பொலிசோர்பேட் போன்ற கரைப்பானோடு, அறிக்கையில் உள்ள அளவில் கலக்குங்கள். உலர்ந்த இலைகளைச் சின்ன மஸ்லின் பையில் கட்டிக் கொடுங்கள். குளியல் தொட்டியின் வடிகாலை இலை அடைத்தால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

பாத் பாம் 1989இல் இங்கிலாந்திலேயே பிறந்தது. லஷ் கடையை நிறுவியவர்களில் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன் கண்டுபிடித்தது. அடிப்படை எளிது, சோடா பைகார்பனேட் இரண்டு பங்கு, சிட்ரிக் அமிலம் ஒரு பங்கு. ஆனால் ஈரம் பட்டால் வீங்கி வெடிக்கும். மழைக்காலத்து வெளிமைதானச் சந்தைக்கு நான் இதைக் கொண்டுபோவதே இல்லை. மண்டபத்துக்குள் என்றாலும் ஒவ்வொன்றையும் சுருக்கு பிளாஸ்டிக்கில் அல்லது மரநார் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றியே வைப்பேன்.

ஆண்டின் சக்கரம்

பேகன் நாட்காட்டியில் எட்டுப் பண்டிகைகள். ஒக்டோபர் 31 சவின், டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாளில் யூல், பெப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், மார்ச்சில் ஒஸ்தாரா, மே 1 பெல்டேன், ஜூனில் லிதா, ஓகஸ்ட் 1 லாமஸ், செப்டெம்பரில் மேபன். உங்கள் உற்பத்தி அட்டவணையை இதன் மேல் போடுங்கள். சவினுக்கு ஆப்பிள், ரோஸ்மேரி, பச்சோலி. யூலுக்குப் பைன், தோடை, குந்திரிக்கம். இம்போல்க் பிரிஜித் தேவியின் நாள், வெள்ளை நிறம், பால் சேர்த்த சவர்க்காரம் (வீகன்களுக்கு ஓட்ஸ் பால்). லாமஸ் அறுவடை, ஓட்ஸும் தேனும். தேன் சேர்த்ததைத் தனியாக வைத்து, எழுதியும் வையுங்கள். சவினுக்கு விற்கவேண்டிய கட்டியை செப்டெம்பர் முதல் கிழமைக்குள் ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காயாது.

சிலர் பௌர்ணமி அன்று செய்த பொருள் வேண்டும் என்பார்கள். அன்று செய்திருந்தால் மட்டும் அப்படிச் சொல்லுங்கள். தொகுதி எண்ணோடு திகதி பதிவாவதால் எனக்கு அது சுலபம், லேபிளைக் காட்டிவிடுவேன்.

புகை போடக் கொளுத்தும் வெள்ளை சேஜ் இலைக் கட்டுகளை நான் விற்பதில்லை. கலிபோர்னியாவின் தெற்கிலும் மெக்சிகோவின் பாஹாவிலும் மட்டும் காட்டில் வளரும் செடி அது. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குப் புனிதமானது, களவாக வெட்டி ஏற்றுமதி நடக்கிறது. இங்கே தோட்டத்து ரோஸ்மேரியும் வீதியோரத்து மக்வர்ட் செடியும் இருக்கும்போது அது எதற்கு? சந்தனமும் அப்படித்தான், எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் தராத வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பொருட்களுக்கு இங்கே நல்ல மதிப்பு உண்டு. வெட்டிவேர்த் தைலம் மண் மணம் கொண்டது, பேகன் சனம் அதை உடனே பிடித்துக்கொள்ளும். பயற்றமாவும் கஸ்தூரி மஞ்சளும் ரோஜாவும் சேர்ந்த குளியல் பொடி நன்றாகப் போகும், அதற்கும் பாதுகாப்பு அறிக்கை எடுத்துத்தான். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பின்னுகிற பனையோலைக் குட்டானுக்குள் ஒரு கட்டி சவர்க்காரத்தை வைத்துக் கொடுத்தால் அது பரிசுப்பொருள் ஆகிவிடுகிறது. அம்மாவின் பழைய நூல்சீலைகளை வெட்டி டேரட் சீட்டுப் பையும் பீட விரிப்பும் தைக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது யார் உடுத்த சீலை என்று சொல்லுவேன். சவர்க்காரத்தை விடச் சிலநாள் அவைதான் அதிகம் போகும். ஆனால் பிள்ளையார், லட்சுமி உருவங்களைச் சவர்க்காரத்தில் பதித்து விற்காதீர்கள். காலில் தேய்த்துக் கழுவிவிடுகிற பொருளில் சாமி முகம் வேண்டாம். அவர்களுடைய தேவிகளுக்கும் அதே மரியாதையைத்தான் நான் கொடுக்கிறேன். பிறை, இலை, மான்கொம்பு போன்ற அச்சுகள் போதும்.

அன்றைய நாள்

மேசைத்துணி நிலம் வரை தொங்கட்டும், பெட்டிகளைக் கீழே மறைக்கலாம். பொருட்களை ஒரே மட்டத்தில் பரப்பாமல் பின்பக்கம் மரப்பெட்டி வைத்து உயர்த்துங்கள். நல்லூர்த் திருவிழாவில் வளையல் கடைக்காரர் அடுக்குவது போல, தூரத்தில் வரும்போதே கண்ணில் படவேண்டும். ஒவ்வொரு மணத்துக்கும் சுற்றாத கட்டி ஒன்றை மணந்து பார்க்க வையுங்கள். விலையை எல்லாவற்றிலும் எழுதுங்கள், இங்குள்ளவர்கள் விலை கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவார்கள். 100 கிராம் கட்டிக்கு எண்ணெய், மணம், பெட்டி, லேபிள் எல்லாம் சேர்ந்து 1.40 பவுண் ஆகிறது என்றால் 5.50க்கு விற்கலாம். 2 பவுணுக்கு ஏதாவது ஒன்று இருக்கட்டும், 15 பவுணுக்குப் பரிசுப் பெட்டியும் இருக்கட்டும். சில்லறையும் கார்ட் மெஷினும் இரண்டும் வேண்டும். பழைய கல் மண்டபங்களில் போன் சிக்னல் கிடைக்காது, இணைப்பு இல்லாமலே வேலை செய்கிற வசதி மெஷினில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வெளிமைதானம் என்றால் கூடாரத்தின் நாலு காலுக்கும் பாரம் கட்டாமல் விடாதீர்கள். காற்றில் பறந்த கூடாரம் பக்கத்துக் கடைக்காரரைக் காயப்படுத்தும்.

அக்கம்பக்கத்து மேசைகளில் டேரட் பார்ப்பவர் இருந்தால் சத்தமாகக் கதைக்காதீர்கள். அவரிடம் ஒருவர் அழுதுகொண்டிருக்கக்கூடும். மற்றவரின் சீட்டையும் கிறிஸ்டலையும் கேட்காமல் தொடவே கூடாது, பலருக்கு அது பெரிய விஷயம். சாம்பிராணி கொளுத்த அனுமதி இருந்தாலும் நான் கொளுத்துவதில்லை. சவர்க்காரத்தின் மணத்தை அது விழுங்கிவிடும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கஷ்டம்.

‘நீங்கள் என்ன வழியில் கும்பிடுகிறீர்கள்?’ என்று நேராகக் கேட்பார்கள். நான் சைவம் என்று சொல்வேன். ‘உங்கள் தேவி யார்?’ என்று அடுத்த கேள்வி வரும். காளியைப் பற்றியும் நாகபூஷணி அம்மனைப் பற்றியும் கொஞ்சம் கதைப்போம். பேகனாக நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மென்மையாக, தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு வயதான அம்மா என் வெட்டிவேர்க் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது என் மூட்டு நோவைக் குறைக்குமா, பிள்ளை?’ என்று கேட்டார். ‘அப்படி என்னால் சொல்ல முடியாது. ஆனால் மணம் நன்றாக இருக்கும், தோல் வறளாது’ என்றேன். இரண்டு கட்டி வாங்கினார். அதற்குப் பிறகு அந்த ஊர்ச் சந்தைக்கு நான் போகும்போதெல்லாம் வருகிறார்.

சந்தை முடிகிற நேரத்துக்கு முன் பெட்டி கட்டாதீர்கள். ஒழுங்கமைப்பாளர்கள் அதைக் கவனிப்பார்கள், கடைசி அரை மணியில் வாங்க வருகிறவர்களும் உண்டு. கடைக்காரர்களுக்குள் பண்டமாற்று நடப்பதும் அந்த நேரத்தில்தான். ஒரு கட்டிக்கு ஒரு சின்ன மரக்கரண்டியோ ஒரு கைவளையமோ கிடைக்கும். அடுத்த நல்ல சந்தை எது, எந்த ஒழுங்கமைப்பாளர் சொன்னபடி நடப்பார் என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த இரவே எது எத்தனை விற்றது, என்ன கேட்டார்கள், எது இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது என்று எழுதுங்கள். வரவு செலவையும் அன்றே எழுதுங்கள். வரி வருடம் ஏப்ரல் 5 அன்று முடிகிறது. அந்த வருடத்தில் மொத்த விற்பனை 1,000 பவுணைத் தாண்டினால், அடுத்து வரும் ஒக்டோபர் 5க்குள் வரித் திணைக்களத்தில் சுயதொழிலாகப் பதிய வேண்டும். இலாபம் அல்ல, மொத்த விற்பனை. ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வைத்தால் போதும்.

சவின், யூல் சந்தைகளின் மேசைகள் பெரும்பாலும் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும். பாதுகாப்பு அறிக்கை கைக்கு வரவும் சில கிழமை எடுக்கும். ஆகவே மதிப்பீட்டாளருக்கும் ஒழுங்கமைப்பாளருக்கும் ஒரே கிழமையில் எழுதுங்கள். ஒழுங்கமைப்பாளருக்கு எழுதும்போது பகல் வெளிச்சத்தில் எடுத்த மேசைப்படம் ஒன்றையும் காப்புறுதிச் சான்றிதழையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.